ஹோர்ன் அடிக்கும் வளைவு

ஏழு வயதில் ரஜீவிடம் ஒரு எஞ்சின் இருந்தது. சக்கரம் கிடையாது, புகை கிடையாது. இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து வாயில் வைத்து ஊதினால் போதும், ஓடிவிடும். கூடையை முதுகில் போட்டுக்கொண்டு தண்டவாளத்தில் நடக்கும் அக்காவின் பின்னால் பூனை மாதிரிப் போவான். ஒரு நீளம், இரண்டு குட்டை என்று ஹோர்ன் அடிப்பான். அக்கா விஜயலெட்சுமி கூடையோடு பக்கத்துத் தண்ணிக் கானுக்குள் பாய்வாள். பிறகு சேறு வழிய எழுந்து அவனை லயம் வரைக்கும் துரத்துவாள். பிடித்தால் முதுகில் நாலு விழும். பிடிக்காவிட்டால் ராத்திரிச் சோற்றில் கறி குறையும். இரண்டுமே பழகிப்போன தண்டனைகள் என்பதால் மறுநாளும் அடிப்பான்.

அவர்களுடைய தோட்டம் தெமோதரைக்கும் உடுவரைக்கும் நடுவே இருந்தது. வரிசை வீடுகளான லயம் ஒரு பக்கம், தேயிலைக் கொழுந்து எடுக்கும் மலை இன்னொரு பக்கம். வண்டிப் பாதையில் போனால் முக்கால் மணி நேரம். ரயில் பாதையில் போனால் பத்து நிமிடம். ஆகவே தோட்டமே ரயில் பாதையில்தான் நடந்தது. நடுவில் ஒரு வளைவு. மண்மேடு மறைப்பதால் அந்தப் பக்கம் ஆள் இருப்பது தெரியாது. எந்த ட்ரைவராக இருந்தாலும் அங்கே ஒரு நீளம், இரண்டு குட்டை அடித்துவிட்டுத்தான் திரும்புவார். கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கும் சுற்றுலாக்காரர்கள் அதைக் கேட்டுக் கைதட்டுவார்கள். லயத்து ஆட்கள் பேச்சை நிறுத்திக் கானுக்குள் இறங்கி நிற்பார்கள். ரயில் கோச்சி போனதும் மேலே ஏறி, விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார்கள்.

அம்மா செத்தபோது ரஜீவுக்கு ஐந்து வயது. அப்பா கொழும்புக்கு வேலைக்குப் போனவர், போனவராகவே இருந்துவிட்டார். பதினேழு வயது அக்காதான் காலைப் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் போட்டு, தம்பிக்குச் சோறும் போட்டாள். படிப்பு விஷயத்தில் மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பள்ளிக்கூட மணிக்குப் பதிலாகப் பழைய போன் ஒன்றின் ரிங்டோன் அலறும்படி அவன் வயரை மாற்றிப் பூட்டியதோடு, பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் அவனும் ஒருவரையொருவர் மன்னித்து விட்டுவிட்டார்கள்.

இப்போது அவனுக்கு இருபத்தேழு. பதுளைக் கடைவீதியில், சண்முகராஜா முதலாளியின் பாத்திரக்கடை வாசலில் ஒரு மேசை போட்டு போன் திருத்துகிறான். செத்த போனை எழுப்புவதில் கெட்டிக்காரன் என்று பேர். எழுப்பிக் கொடுக்கும்போது ரிங்டோனை மட்டும் ஆட்டுக்குட்டியாக மாற்றிவிடுவான். அதற்கும் பேர்.

சண்முகராஜா ஐம்பது தாண்டியவர். பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த வியாபாரக் குடும்பம். கடைக்கு மேல்மாடியில், இட்லிப் பானைப் பெட்டிகளுக்குப் பின்னால், அவருக்கு வேறொரு ஊர் இருந்தது. பெரிய பலகையில் தண்டவாளம், சுரங்கம், ரயில் தன் பாதைக்கு அடியிலேயே நுழையும் தெமோதரை வளையம், பச்சைச் சாயம் பூசிய ஸ்பொஞ்சில் தேயிலை மலை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் அங்கே ரயில் ஓட்டுவார். வெளிநாட்டு மைத்துனர் அனுப்பிய உள்ளங்கை அகல எஞ்சின் அது. ஒருநாள் ரஜீவை மேலே கூப்பிட்டார்.

“பாருப்பா. எல்லாம் இருக்கு. ஆனா சத்தம் இல்ல. பேய் ஓடுற மாதிரி ஓடுது. இதுக்குள்ள சத்தம் வைக்கிற சாமான் ஒன்னு வருதாமே?”

“டிகோடருங்க முதலாளி. நகம் அளவுதான். தண்டவாளத்துல வர்ற கட்டளையைப் படிச்சு, ஓடு, நில்லு, கத்துன்னு எஞ்சினுக்குச் சொல்லும்.”

“உனக்குப் போடத் தெரியுமா?”

“தெரியும்,” என்றான் ரஜீவ். அன்றுவரை அவன் அதைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

முதல் டிகோடர் மூன்று நொடியில் செத்தது. மோட்டரின் ஒரு கால் எஞ்சினின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை. தண்டவாளத்து மின்சாரம் குறுக்கு வழியில் நேராகச் சிப்புக்குள் புகுந்துவிட்டது. மேல்மாடியெங்கும் கருகல் வாடை.

“நான் சத்தம்தான் கேட்டேன்,” என்றார் சண்முகராஜா. “சாம்பிராணி போடச் சொல்லல.”

இரண்டாவது முறை ரஜீவ் விளையாடவில்லை. மோட்டரைச் சட்டத்திலிருந்து பிரித்து, நடுவில் மெல்லிய டேப் ஒட்டி, மீட்டர் வைத்து மூன்று தடவை பார்த்தான். சிவப்பும் கறுப்பும் சக்கரத்துக்கு, செம்மஞ்சளும் சாம்பலும் மோட்டருக்கு, ஊதா இரண்டும் ஸ்பீக்கருக்கு. ஸ்பீக்கரை உடைந்த போன் ஒன்றின் அடிவயிற்றிலிருந்து எடுத்தான். பூட்டி அழுத்தினால் கொசு அழுதது. அப்புறம்தான் புரிந்தது: ஸ்பீக்கர் முன்னாலும் சத்தம் போடுகிறது, பின்னாலும் போடுகிறது, இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். பின்பக்கத்தை ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைக்க வேண்டும். மயிரிழை ஓட்டை இருந்தாலும் பிரயோசனமில்லை. பிளாஸ்டிக் தகடு வெட்டி, பசை தடவி, தீப்பெட்டியில் கால்வாசி அளவுக்கு ஒரு பெட்டி செய்தான். பூட்டியதும் எஞ்சினுக்குத் தொண்டை வந்தது.

சிப்போடு வந்த ஹோர்ன் ஏதோ சீமை ரயிலுடையது. சண்முகராஜா முகத்தைச் சுளித்தார். ஆகவே ரஜீவ் நாலு நாள் காலையில் வளைவு மண்மேட்டில் குந்தியிருந்து, போனில் நிஜ ஹோர்னைப் பிடித்தான். எஞ்சின் உறுமல், பிறகு ஒரு நீளம், இரண்டு குட்டை. அதைக் கணினியில் வெட்டி ஒட்டிச் சிப்புக்குள் ஏற்றினான்.

தீர்ப்புச் சொல்ல அக்காவைவிடத் தகுந்த ஆள் யார்? இருபது வருஷத்துக்கு மேலாக அந்த வளைவைக் கடக்கிறவள். சாயங்காலங்களில் எஞ்சினை லயத்துக்குக் கொண்டுவந்து, இஸ்தோப்புத் திண்ணையில் அரை முழத் தண்டவாளத்தில் நிறுத்திப் பட்டனை அழுத்துவான். அக்கா எதிரே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். ஒப்பிட்டுப் பார்க்கப் பெட்டியைக் கழற்றிவிட்டு அழுத்திய நாளில், “நல்லா இருக்குடா” என்றாள். அடைத்த நாளிலும், “நல்லா இருக்குடா” என்றாள். மூன்றாம் நாள் ஊதா வயர் ஒன்று கழன்றுபோய் எஞ்சின் மூச்சே விடவில்லை. அவன் பட்டனை அழுத்திவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

“இதுதான்டா!” என்றாள் அக்கா. “இதுதான் அசல் கோச்சி!”

ரஜீவ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். இருபது வருஷத்துக்கு அப்புறம் பழி வாங்குகிறாள் என்று நினைத்தான். அக்காவும் அவன் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எஞ்சினை மேல்மாடியில் ஓடவிட்டார்கள். சண்முகராஜா பட்டனை அழுத்தப் பயந்து, வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டு அழுத்தினார். சரியாக அந்நேரம் கடையில் வேலை செய்யும் மேனுஷா மூன்று தேநீரோடு வாசலில் நுழைந்தாள். நமுனுகுல பக்கத்திலிருந்து தெமோதரைக்குக் கல்யாணமாகி வந்து, ரயில் பாதைக்குப் பக்கத்து லயத்தில் குடியிருப்பவள். ஹோர்ன் கேட்டதும் தட்டோடு சுவரில் ஒட்டிக்கொண்டாள். தேநீர் பாதி தெமோதரை வளையத்தில் விழுந்தது.

“ஐயோ, மலைக்கு வெள்ளம்!” என்றார் முதலாளி.

“மன்னிச்சிக்கங்க முதலாளி. கால் தானா ஒதுங்கிருச்சு. இது அந்த வளைவு ஹோர்ன் இல்ல? ரஜீவ் அண்ணே, இதைப் போயா பொம்மைக்குள்ள வைப்பீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். ரஜீவும் சிரித்தான். பாதியில் அவன் சிரிப்பு நின்றது.

மேனுஷா அந்த வளைவுக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. அவளுக்கே கால் தானாக ஒதுங்குகிறது. இதே ஹோர்ன் ஒரு முழத் தூரத்தில் அடித்தபோது, கல் பொறுக்கிய அக்காவின் விரல்கள் ஒரு தடவைகூட நிற்கவில்லை. சத்தமே வராத நாளிலோ அசல் கோச்சி என்றாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது எஞ்சினை அல்ல, அவன் முகத்தை. முகம் மலர்ந்தால், நல்லா இருக்கு.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அவன் யாரோடும் வம்பு வளர்க்கவில்லை. கண்டக்டரே உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

மறுநாள் காலைக் கோச்சி போய் முடிந்த பிறகு, மண்மேட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்பீக்கரோடு நின்றான். அக்கா முன்னால் வந்தாள். பின்னால் கம்சலா. அவனோடு ஒரே வகுப்பில் படித்து, கல்யாணமாகியும் அம்மாவோடு இருந்து கொழுந்து எடுப்பவள். அவர்கள் கடந்ததும் முழுச் சத்தத்தில் அழுத்தினான். கம்சலாவின் கை முதலில் அக்காவின் கூடைக் கயிற்றைப் பிடித்தது. அப்புறம்தான் அவளுடைய கால் நகர்ந்தது. இருவரும் கானுக்குள் இறங்கினார்கள்.

அக்கா கம்சலாவின் முகத்தைப் பார்த்தாள். வெறும் தண்டவாளத்தைப் பார்த்தாள். மேட்டில் நின்ற தம்பியைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான், “எரும மாடு! இன்னும் புத்தி வரல பாரு!” என்று கத்தினாள். நொடி நேரத் தாமதம்தான். அந்த நொடியை ரஜீவ் பார்த்துவிட்டான்.

சாயங்காலம் ஊற்று வழியும் பீலியில் தண்ணீர் பிடிக்க வந்த கம்சலாவை மறித்தான்.

“எவ்வளவு நாளா?”

“எது எவ்வளவு நாளா?”

“நடிக்காத. நீ முதல்ல அவளைத்தான் இழுத்த.”

கம்சலா குடத்தை இறக்கி வைத்தாள். “ரெண்டு வருஷம். அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதுக்கப்புறம். முகத்தைப் பார்த்துப் பேசினா சமாளிச்சுக்குது. பெரட்டுல பேர் கூப்பிட்டா நான்தான் இடிப்பேன்.”

“எனக்கு ஏன் சொல்லல?”

“செவிடின்னு கூப்பிடுவாங்கன்னு அக்காவுக்குப் பயம். உனக்குச் சொன்னா...” கம்சலா தயங்கினாள். “நீ எதையாவது சிரிக்காம கேட்டிருக்கியாடா?”

ரஜீவ் குடத்தைப் பீலிக்குக் கீழே நகர்த்தி வைத்தான்.

“நானே சொல்லணும்னுதான் இருந்தேன்,” என்றாள் கம்சலா. “புதன்கிழமை நான் மொனராகலைக்குப் போறேன். வீட்டுக்காரருக்கு அங்க கரும்புத் தோட்டத்துல வேலை நிரந்தரமாயிருச்சு. வியாழக்கிழமை வளைவுல அக்காவை யாரு இழுப்பா?”

ஞாயிற்றுக்கிழமை அவன் வாயால் சொல்லிப் பார்த்தான்.

“அக்கா, இனிமே வண்டிப் பாதையில போ.”

“ஏன், தண்டவாளத்தை வித்துட்டாங்களா?”

“கம்சலா எல்லாம் சொல்லிட்டா.”

அக்கா முகம் மாறியது. “அவ கிடக்கா. எனக்கு நல்லாத்தான் கேக்குது. இந்தக் காலத்துல ஒருத்தரும் வாயைத் திறந்து பேசுறதில்ல, அதுதான்.” சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பித் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

ரஜீவ் அவள் முதுகைப் பார்த்துச் சாதாரணக் குரலில் சொன்னான்: “அக்கா, ஹாலிஎலையில ஒரு பிள்ளையை இழுத்துட்டு வந்து தாலி கட்டிட்டேன்.”

அக்கா அடுப்பை ஊதினாள்.

“ரெண்டு பிள்ளை, அக்கா. அக்கா தங்கச்சி.”

அக்கா விறகைத் தள்ளினாள். பிறகு திரும்பி, “சீனி போதுமான்னு பாரு,” என்று கோப்பையை நீட்டினாள். ரஜீவ் வாங்கிக் குடித்தான். சீனி போதும் என்று தலையாட்டினான். அவன் அடித்த பகிடிகளிலேயே யாரும் சிரிக்காதது அது ஒன்றுதான், அவனும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை சண்முகராஜாவிடம் போய் நின்றான்.

“முதலாளி, எஞ்சினை ஒரு நாளைக்குத் தாங்க.”

“ஏன்ப்பா? சத்தம் சரியாத்தானே இருக்கு?”

“சத்தம் சரிங்க. கேக்குற இடத்துலதான் கோளாறு.”

சண்முகராஜா அவனை மேலும் கீழும் பார்த்தார். அவன் முகத்தில் குறும்பைத் தேடிக் கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஒன்றும் கேட்காமல் எஞ்சினைத் துணியில் சுற்றி, புது டிபன் கேரியர் ஒன்றின் நடுத்தட்டில் வைத்து மூடிக் கொடுத்தார். “கேரியரை மட்டும் கீறாம கொண்டு வா,” என்றார், எஞ்சினைப் பற்றிக் கவலையே இல்லாதவர் மாதிரி.

அன்று சாயங்காலம் ரஜீவ் அக்காவின் எதிரே உட்கார்ந்தான். இந்தத் தடவை எஞ்சினைத் தண்டவாளத்தில் வைக்கவில்லை. சக்கரத்துக்கு இரண்டு கிளிப் மாட்டி, அதை அக்காவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். முகத்தைத் தோட்டப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் படிக்க இனி அவனிடம் ஒன்றும் இல்லை. பட்டனை அழுத்தினான்.

ஒரு நீளம். இரண்டு குட்டை.

எஞ்சின் அக்காவின் கைக்குள் அதிர்ந்தது. அவன் மறுபடி அழுத்தினான். மறுபடியும். நாலாவது தடவைக்குப் பிறகு அவள் மெதுவாகப் பேசினாள்.

“நம்ம வளைவு ஹோர்ன்.”

ரஜீவ் திரும்பிப் பார்த்தான்.

“கையில வருதுடா,” என்றாள் அக்கா. “காதுல வரல.”

ரஜீவ் எஞ்சினை வாங்கி, அதன் கூட்டைக் கழற்றி, அவள் முகத்துக்கு நேரே, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். “இது சிப்பு. இது ஸ்பீக்கர். இது இல்லாதப்ப எஞ்சின் ஊமை. ஊமைன்னு யாராவது இதைத் தூக்கிப் போட்டாங்களா? காதுக்கும் இதே மாதிரி வருது அக்கா. கேக்குற சத்தத்தை வாங்கி, பெருசாக்கி, உள்ள விடும். பதுளை ஆஸ்பத்திரியில காது கிளினிக் இருக்கு.”

“எனக்கும் மோட்டர் பூட்டி ஓட விடப் போறியா?”

“முதல் தடவை கொஞ்சம் புகை வரும். பயப்படாத.”

அக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். “பெரட்டுல எல்லாரும் பார்ப்பாங்களே.”

“பார்க்கட்டும். பேர் கூப்பிட்டதும் ஒருத்தரும் இடிக்காம நீ பதில் சொல்லுவ. அதையும் பார்க்கட்டும்.”

அவள் எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “மெஷின் வர்ற வரைக்கும் வண்டிப் பாதையெல்லாம் நான் போக மாட்டேன். முக்கால் மணி நேரம், பெரட்டு முடிஞ்சிரும்.”

“நீ தண்டவாளத்துலயே போ,” என்றான் ரஜீவ். “நான் பின்னால வாறேன்.”

ஏழு மணிக்கு முன் சூரியன் உதிக்கிறது என்பதை ரஜீவ் அதுவரை ஐந்தாறு நாள்தான் பார்த்திருந்தான். வியாழக்கிழமை முதல் தினமும் பார்த்தான். அக்கா முன்னால், அவன் பின்னால், ஒரு கை கூடை விளிம்பில். “என்ன தம்பி, கொழுந்து எடுக்க வாறியா? இல்ல கூடையில ஏறி உட்காரப் போறியா?” என்று பெண்கள் கேட்டார்கள். அவனுக்கு வழக்கமாக நாலு பதில் வாயில் இருக்கும். வளைவு நெருங்கும்போது மட்டும் ஒன்றும் இருக்காது. காதைத் தீட்டிக்கொண்டு நடப்பான். ஹோர்ன் கேட்டதும் கூடையை இரண்டு தட்டுத் தட்டுவான். அக்கா கானுக்குள் இறங்குவாள். ரயில் தலைக்கு மேல் இடித்துக்கொண்டு போகும். இத்தனை வருஷம் பின்னால் வந்து பொய்ச் சத்தம் போட்ட கை இப்போது பின்னால் வந்து நிஜத்தைச் சொன்னது.

“அடிச்சானா?” என்று அக்கா கேட்பாள்.

“அடிச்சான்.”

“எப்படி?”

“என் எஞ்சின் அளவுக்கு இல்ல.”

கிளினிக்கில் பரிசோதனை, இன்னொரு தேதி, காதுக்கு அச்சு எடுக்க வேறொரு தேதி என்று ஆறு வாரம் போனது. மெஷின் மாட்டிய நாள், அச்சு காதுக்குள் இறுக்கமாக உட்காராவிட்டால் வெளியே கசியும் சத்தத்தை மெஷின் திரும்ப வாங்கிக்கொண்டு கீச்சென்று கத்தும் என்று அங்கிருந்த பெண் விளக்கினார். ரஜீவ் பெரிய மனிதன் மாதிரித் தலையாட்டினான். பெட்டியை அடைக்கிற கதைதான். இது அவனுக்குத் தெரிந்த தொழில்.

அன்று முழுக்க அக்கா முறைப்பாடுதான். “இந்தப் பீலி இவ்வளவு சத்தமாவா விழுந்துக்கிட்டிருந்துச்சு?” “பக்கத்துக் காம்பரா வீட்டுக் கோழிக்கு வாயே மூடாதா?” “நீ சாப்பிடும்போது இப்படியா மெல்லுவ? கேக்காம இருந்ததே நல்லது.” மறுநாள் பெரட்டில் விஜயலெட்சுமி என்ற பேருக்கு, கூப்பிட்டவர் வாயை மூடுவதற்குள் பதில் போனதாம். யாரோ காதைப் பார்த்துக் கிசுகிசுத்தார்களாம். “அதுவும் கேட்டுச்சு,” என்றாள் அக்கா, ஒரு மாதிரி ராங்கியாக.

அடுத்த நாளும் ரஜீவ் பின்னால் போனான். தேவையில்லை என்று அவள் சொல்லியும் போனான். கோச்சி போய்விட்டது. பாதையில் வேறு யாரும் இல்லை. முன்னால் கூடை ஆடி ஆடிப் போனது. அவன் கை தானாகக் கூடை விளிம்பிலிருந்து இறங்கியது. பத்தடி பின்தங்கினான். இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து வாயில் வைத்தான். வைத்தவன் அப்படியே நின்றான். அடித்து, அவள் திரும்பாவிட்டால்? கூடை அதே மாதிரி ஆடிக்கொண்டே போனால்? வாழ்க்கையில் ஒரு குறும்புக்கு முன்னால் அவன் இப்படி யோசித்ததில்லை. மூச்சை இழுத்தான்.

“ஊதுறதுன்னா ஊது,” என்றாள் அக்கா, திரும்பாமலே. “மூச்சு இழுக்கிறது இங்க வரைக்கும் கேக்குது.”

ரஜீவ் ஊதப் பார்த்தான். சிரிப்பில் உதடு கோணிக்கொண்டதால் வெறும் காற்றுத்தான் வந்தது.